கிளின்ரனுக்குச் செய்த பலகை

குளிர் கடல் ஆக்கள் நினைக்கிற அளவுக்குக் குளிராது. தடிச்ச றப்பர் உடுப்பும் கையுறையும் இருந்தால் தை மாசத்திலையும் நிக்கலாம். முகம்தான் கொஞ்சம் விறைக்கும்.

நோர்வேயிலை, ஹொல்ம்லியாவிலை எங்கடை வீட்டுக் கீழறையிலை அலைச்சறுக்குப் பலகை செய்யிறனான். நுரைக்கட்டியைச் சீவி, வளைவு பாத்து, மேலை கண்ணாடி நார் ஒட்டுவன். பலகையைப் பற்றி எண்டால் எவ்வளவு நேரமும் கதைப்பன்.

கிளின்ரன் என்ரை சித்தியின்ரை மோன். லார்விக் பக்கக் கடலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினது நான்தான். அவனுக்கு ஒண்டும் சரிவராது. பலகையிலை எழும்ப முதலே விழுவான். மூக்காலை உப்புத்தண்ணி ஓட வெளியிலை வந்து, குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரிப்பான். கரையிலை நிக்கிற நோர்வேக்காரரும் சேர்ந்து சிரிப்பினம்.

போன மார்கழி, எல்லாரும் நெருப்பு மூட்டிக் கோப்பி குடிக்கேக்கை கேட்டான்: “அண்ணை, உங்களுக்கு இதிலை சந்தோசமே இல்லையோ? நீங்கள் ஒருநாளும் சிரிச்சு நான் காணேல்லை.”

பகிடிக்குக் கேக்கேல்லை. பாவப்பட்டுக் கேட்டவன். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

அவனுக்கெண்டு ஒரு பலகை செய்தன். நான் செய்ததுகளிலை அதுதான் வடிவு. காலிலை கட்டுற கயிற்றைப் பலகையோடை பிணைக்கிற குமிழை மட்டும் இறுகாத பசையிலை வைச்சன். குடுக்க, “எனக்கோ அண்ணை?” எண்டு கட்டிப்பிடிச்சான். அவன்ரை மனிசி ஹம்சிகா கேக் செய்து அனுப்பினவ. நல்ல கேக்.

காத்து கரையிலையிருந்து கடலுக்கு அடிக்கிற நாளாப் பாத்துப் போனம். கொஞ்சம் பெரிய அலை ஒண்டு வர, குமிழ் கழண்டிது. பலகை தனியப் போச்சு. அந்த இழுவையிலை அவன் நீந்தமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். “அண்ணை” எண்டு கூப்பிட்டான். நான் கரையிலை நிண்டன், என்ரை பலகை என்ரை கக்கத்துக்கை இருந்தது. கையைக் காட்டினன். நான் வாறன் எண்டு நினைச்சு அவன் கத்துறதை நிப்பாட்டினான்.

பிறகு கரையொதுங்கின பலகையிலை குமிழ் இருந்த இடத்தைப் பாத்திட்டுத்தானே என்னைப் பொலிசுக்குக் கூப்பிட்டனீங்கள். சரி. ஆனால் ஒண்டு பிழையா எழுதியிருக்கிறியள். மீட்புக்காரர் வரேக்கை நான் தண்ணிக்குள்ளை நிண்டனான். தம்பியைக் காப்பாத்த இறங்கினவர் எண்டு ஆக்கள் சொல்லிச்சினம். ஹம்சிகா என்ரை கையைப் பிடிச்சு அழுதா.

அதை மாத்துங்கோ. அவன் தண்ணிக்குள்ளை தாண்டு போனாப் பிறகுதான் என்ரை பலகையோடை இறங்கினனான். அண்டைக்கு அலை நல்லா இருந்தது.