பாரிஸ் வேணாங்க

"பாரிஸ் வேணாங்க. அங்க இருக்கறவங்க காலைப் பாத்து இன்னா பிரயோஜனம்?"

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். ஷூ கம்பெனி வேலையாக அவர் ஜெர்மனி போகிறாராம். வேலை முடிந்ததும் இரண்டு நாள் சொந்தச் செலவில் எங்காவது சுற்றிவிட்டு வரலாமாம்.

"அப்ப ரோம் போறேன். பெரிய பெரிய சர்ச்சு இருக்கு."

"சர்ச்சு இங்கயே இருக்கு. நாங்க தைக்கிற அப்பருக்கு எந்த ஊர்ல சோல் ஒட்டறாங்களோ அங்க போங்க. இத்தினி வருஷமா மேல்பாகம் மட்டும் தைச்சு அனுப்பறேன், முழு ஷூவா ஒருநாளும் பாத்ததில்ல."

"அது சின்ன ஊரு. சுத்திப் பாக்க ஒண்ணுமே இல்லியாம்."

"அப்ப செலவும் கம்மி. தெருவுல யாராச்சும் போட்டுட்டு நடப்பாங்க இல்ல, அதைப் பாத்துட்டு வாங்க."

பள்ளிகொண்டா தாண்டியதும் அவர் கேட்டார்.

"போறவன் வர்றவன் காலையே குனிஞ்சு பாத்துட்டிருந்தா அவன் இன்னா நெனைப்பான்?"

"சர்ச்சு வாசல்ல செருப்பைத் தொலைச்சவன்னு நெனைப்பான். நெனைச்சுட்டுப் போறான்."