டாக்டர் வரும் வாரம்

காலை ஆறு நாற்பது. வடகோடியில் பனி சூழ்ந்த மீன்பிடி ஊரான போலுங்கார்விக்கில், நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் இரண்டு பேர். ஒருவர் படகுக்காரர் ஆஸ்கெல், வயது அறுபத்தாறு. மற்றவர் ஊருக்கு வந்து மூன்று வாரமே ஆன புதுப் போதகர். அவருக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை.

"...அந்தக் கண் டாக்டரு டாக்டரே இல்ல போதகரே! நாலு மாசத்துக்கு ஒருக்கா தலைநகர்லேந்து விமானத்துல வருவாரு. என் கண்ணுல நீல விளக்க ஒட்டுவாரு. 'கண் அழுத்தம் பதினஞ்சு, பிரமாதம் ஆஸ்கெல்'னு முதுகுல தட்டுவாரு. பிரமாதம்னா விட்டுடணும்ல? விட மாட்டாரு! இன்னொரு மெஷின்ல உக்கார வைப்பாரு. மினுக் மினுக்னு புள்ளி வரும், தெரிஞ்சா பொத்தான அமுக்கணும். நானும் அமுக்குறேன், அமுக்குறேன்... கடைசில தாள எடுத்துப் பாத்தா பாதி கறுப்பு! கறுப்புன்னா கண்ணுக்குத் தெரியாத இடமாம். 'அழுத்தம் நல்லாருக்கு, அப்புறம் நரம்பு ஏன் சாகுது?'ன்னு என்னையே கேக்கறாரு. காட் மீன் புடிக்கிறவன் நான், எனக்கென்னங்க தெரியும்? மூளையக்கூடப் படம் எடுத்தாச்சு. மூளை நல்லாருக்காம். என் பொண்டாட்டி அத இன்னும் நம்பல.

இப்ப கண்ணக் கிழிச்சு வடிகால் வைக்கணுமாம்! இன்னிக்கு ஒம்பதரைக்கு வரச் சொல்லி, தேதி குறிக்கப் போறாரு. வர்ற மே மாசம் நான் படகு இறக்க வேணாமா? கண்ணுக்குச் சான்றிதழ் இல்லாம துறைமுகத்துல யாரு விடுவா?

இல்ல, உக்காருங்க, உக்காருங்க. இந்தத் தொட்டி சூடாத்தான் இருக்கும்... என்ன வியாதின்னுதானே கேக்க வர்றீங்க? கண்ணுக்குள்ள பொடுகு! சிரிக்காதீங்க. கண்ணுக்குள்ள எந்நேரமும் தண்ணி ஊறுமாம், வடியுமாம். இந்தப் பொடுகு உதிர்ந்து வடிகால அடைச்சிடுதாம். நம்ம நாட்டுல நிறையப் பேருக்கு இருக்காம். எனக்கு எடது கண்ணுல மட்டும். முதல்ல பாத்தப்ப அழுத்தம் முப்பத்தி நாலு! இருபதத் தாண்டக் கூடாதாம். வலியா, ஒண்ணுமில்ல. எரிச்சலா, அதுவுமில்ல. வலிக்காதது என்னங்க வியாதி?

சொட்டு மருந்து குடுத்தாங்க, தினம் ராத்திரி ஒரு சொட்டு. மூணு மாசம் ஒழுங்கா விட்டேன். என்னாச்சு தெரியுமா? எடது கண்ணு இமை முடி வளந்துபோச்சு! கன்னுக்குட்டி மாதிரி! ஒரு கண்ணுக்கு மட்டும்! இதே தொட்டில, நீங்க உக்காந்திருக்கிற இடத்துல, என் சிநேகிதன் பெர்கூர் இருந்தான். 'ஆஸ்கெல், கண்ணடிக்காதய்யா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு'ன்னான். ஒம்பது பேரு சிரிச்சானுங்க. நாப்பது வருஷம் கடல்ல கிடந்தவன்ங்க நான்...

போன வாரம் பனி அடிச்சுது பாருங்க, வலது கண்ணுல விழுந்துடுச்சு. தொடைச்சுக்கிட்டே எடது கண்ணால பாக்கறேன், உங்க தேவாலயத்துல பாதியக் காணோம்! புதுப் போதகர் வந்ததும் வித்துட்டாரோன்னு நெனச்சேன். கோவிச்சுக்காதீங்க... ஆனா அங்கேயே நின்னு ரெண்டு கண்ணையும் மாத்தி மாத்திப் பொத்திப் பாத்தேன்.

அந்த மருந்துக்கடைப் பொண்ணு வேற! 'தொறந்தா ஒரு புட்டி ஒரு மாசம்தான். வருஷத்துல மூணுதானே வாங்கியிருக்கீங்க?'ன்னு கேக்கறா. உனக்கென்னடி... ம்... சரி. மூணுதான்.

டாக்டர் வர்ற வாரம் மட்டும் சொட்டு விடுவேங்க. ஐஸ்பெட்டில புளிச்ச சுறா டப்பாவுக்குப் பின்னால இருக்கும். ஏழு நாள் தவறாம விடுவேன். அழுத்தம் பதினஞ்சுக்கு இறங்கிடும், அவரு முதுகுல தட்டுவாரு. விமானம் கெளம்பினதும் புட்டி சுறாவுக்குப் பின்னால போயிடும். பல் டாக்டர் வர்ற வாரம் மட்டும் ஊரே பல்லு தேய்க்கலையா? அந்த மாதிரிதான்! அவரு அளக்கிற அன்னிக்கு நல்லாருந்தாப் போதும்னு...

'தினமும் விடறீங்களா?'ன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. 'தினமும்'பேன். பொய் இல்ல பாருங்க, அந்த வாரம் தினமும்தான்.

என்ன போதகரே, எழுந்துட்டீங்க? நம்ம சபையில பாவமன்னிப்புக் கூண்டு இல்ல, இந்தத் தொட்டிய விட்டா எங்க போய்ச் சொல்றது? ஒம்பதரைக்கு அவர்கிட்ட இத எப்படிங்க சொல்றது, அதையாவது... போதகரே! அது என் துண்டு!"

அன்று ஒன்பதரை மணிக்கு ஆஸ்கெல் டாக்டரிடம் வருஷத்துக்கு மூன்று புட்டிதான் என்று சொன்னார். டாக்டர் அறுவைக்குத் தேதி குறிக்கவில்லை; தினமும் சொட்டு விடச் சொல்லி அனுப்பினார். மார்ச் பத்தாம் தேதி மறுபடி சோதித்தபோது அழுத்தம் பதினாறு. தாளில் புதிய கறுப்பு எதுவும் இல்லை. பழைய கறுப்பு அப்படியே இருந்தது.