நரம்பைத் தொடாமல்

எங்கள் வீட்டில் ராமிரோ சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். அவன் வைக்கும் பீன்ஸில் உப்பு சற்றுக் கூடுதல்தான். நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவன் அம்மா அமரில்லோ நகரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கென்று போய்த் திரும்பாத வருடத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, டெபுடி சார். மகனைப் பிடிக்காத அப்பன் என்று உங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதிவிடக் கூடாது.

இந்த ஊரில் பாதிப் பேருக்கு மாட்டிறைச்சி ஆலைதான் சோறு போடுகிறது. நான் பின்னங்கால் அறுப்பவன். மாடு சங்கிலியில் தலைகீழாக வரும். குளம்புப் பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு, குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கீறல் போட வேண்டும். அந்த இடுக்கில் கொக்கியை மாட்டுவார்கள். அதன்பிறகு மொத்த மாடும் அந்த நரம்பில்தான் தொங்கும். கத்தி நரம்பில் பட்டால் மாடு கீழே விழும், சங்கிலி நிற்கும், ஃபோர்மேன் வருவான். இருபது வருடத்துக்கும் மேலாக நரம்பைத் தொடாமல் அறுப்பதுதான் என் பிழைப்பு. அதில் என் கைகள் போய்விட்டன. காலையில் விரல் மடங்காது. சட்டைப் பித்தானை ராமிரோதான் போட்டுவிடுவான். டின்னைத் திறப்பதும் அவன்தான்.

பள்ளியில் அவன் கூடைப்பந்து ஆடினான். நன்றாக ஆடுகிறான் என்றார்கள். ஆனால் உயரம் போதாது, கணக்கிலும் மட்டம். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். இரண்டு வருடப் படிப்புக்கு ஜூனியர் காலேஜ் என்று ஒன்று இருப்பது என் புத்தியில் ஏறவேயில்லை. பெரிய இடங்கள் கழித்துவிட்ட பையன்களைத் தேடித்தான் அவர்கள் ஊர் ஊராக அலைகிறார்களாம்.

அப்படி வந்தவர்தான் கோச் ஹாஸ்கெட். மாநிலத்தின் மறுகோடியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் மேஜையில் உட்கார்ந்து, ராமிரோவின் பீன்ஸை இரண்டு தட்டு சாப்பிட்டார். நல்ல மனிதர்.

"உயரத்த விடுங்க, மிஸ்டர் லுஹான். இவனோட முதல் அடி இருக்கே, அத எவனாலயும் கத்துக்குடுக்க முடியாது. எதிர்ல நிக்கிறவன் கண்ண சிமிட்டுறதுக்குள்ள தாண்டிப் போயிடறான். எல்லாம் இங்கருந்து கிளம்புது," என்று குனிந்து ராமிரோவின் குதிகாலுக்கு மேலே விரலால் சுண்டினார். அவன் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டான்.

கோச் போனபிறகு சொன்னான்: "ரெண்டே வருஷம்பா. அங்க நல்லா ஆடுனா அப்புறம் பெரிய காலேஜ்ல எடுத்துப்பாங்க."

"டின்ன யாருடா திறப்பா?"

சிரித்தான். "அதுக்கு மெஷின் இருக்குப்பா. பட்டன அமுக்குனா தானே திறந்துக்கும்."

மறுநாளே வாங்கி வந்துவிட்டான். அது இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்டிருக்க மாட்டான். கேட்டிருந்தால் காலம் முழுக்க என்னைக் குறை சொல்லியிருப்பான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இரண்டில் எதை ஒரு அப்பன் தாங்குவான்? எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஆகஸ்டில் காலேஜ் திறக்கும் வரைக்கும் என்னோடு ஆலைக்கு வா என்றேன். கோச்சுக்குக்கூட சந்தோஷம். மாட்டுத் தொடை தூக்கினால் தோள் ஏறும் என்று போனில் சொன்னார். ஃபோர்மேனிடம் பேசி எனக்கு முந்திய இடத்தில் அவனை நிறுத்தினேன். எங்கள் மேடைகள் படிபோல ஏறும். அவன் நின்ற பலகை என் நெஞ்சு உயரம். கைக்கும் வயிற்றுக்கும் இரும்பு வலை தருவார்கள். காலுக்கு ரப்பர் பூட்ஸ் மட்டும்தான்.

பக்கத்தில் அறுக்கும் ஒஃபேலியா அவனைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். "டேய் ஸ்டாரு, டிவில வந்ததும் எங்களயெல்லாம் தெரியாதுன்னு சொல்லிடுவியா?"

"உன்னத் தெரியாதுன்னு இப்பவே சொல்றேன் அத்தே."

"திமிரப் பாரு. அப்பன மாதிரி ஊமையா பொறந்திருக்கக் கூடாது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டேன். மழுங்கிய கத்தி பிய்த்துவிடும், அதுதான் வலிக்கும். பையனுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வலது கால். ஒரே இழுப்பு. ரப்பர் ஒரு தடையே இல்லை.

அவன் கத்தவில்லை. பலகையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பா, காலு என்னமோ ஆயிடுச்சுப்பா," என்றான். அத்தனை பேர் இருந்தும் என்னிடம்தான் சொன்னான். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

கை இழுத்துக்கொண்டது என்றேன். என் கைகளை எல்லோருக்கும் தெரியும். ஃபோர்மேன் என் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். நடக்கிறான். வேகமாக நடந்தால் சாய்கிறான். கோச் வந்து பார்த்தார். அவனுடைய இடத்துக்கு துல்சாவிலிருந்து ஒரு பையனை எடுத்துவிட்டதாகப் போகும்போது என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு நவம்பரில் ஆட்டம் தொடங்கிவிடும்.

ஒஃபேலியா உங்களிடம் சொன்னது சரிதான். அவள் நேர்மையானவள். என் கை இழுத்துக்கொள்ளவில்லை. தெரிந்துதான் அறுத்தேன். எங்கே எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் கோணலாக வரும்.

ஒரே ஒரு கவலைதான். கொஞ்ச நாளாக ராமிரோ தூங்கப் போகும்போது அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொள்கிறான். கதவுக்குப் பின்னால் அலமாரியை நகர்த்தும் சத்தமும் கேட்கிறது. இத்தனை பயந்த சுபாவம் அவனுக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. என்னையும் நீங்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டால், துணைக்கு ஆளில்லாமல் அந்த வீட்டில் பையன் எப்படித் தூங்குவான்?