இம்பாலாவுக்கு உப்பு ஆகாது

மொன்றியலில் பழைய கார் வைத்திருக்கிறவனுக்கு உப்புத்தான் முதல் எதிரி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பனி உருக இங்கே வீதியில் கொட்டும் உப்பைக் காரின் அடித்தகடும் அப்படித்தான் நினைத்திருக்கும், துருப்பிடித்து உக்கி விழும்வரை. நீங்கள் பொலிஸ்காரர், உங்கள் வண்டிகளைக் குனிந்து பார்த்தாலே தெரியும்.

என்னுடையது அறுபத்தைந்தாம் ஆண்டு இம்பாலா. சிவப்பு உடம்பு, வெள்ளைத் தோல் இருக்கை. மே மாதம் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, கற்பூரம் காட்டி வெளியே எடுப்பேன். லவால் படகுத்துறை வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் குபெக்காரர்கள் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அந்த எஞ்சின் உறுமும்போது நான் சந்தோஷமான மனிதன். முதற்பனிக்கு முன் கராஜில் போர்த்துவிடுவேன்.

என் மனைவி புஷ்பராணியின் தம்பி ஞானேந்திரன் எங்களோடுதான் இருந்தான். நல்ல பிள்ளை, அதை நான் மறுக்கவில்லை. நேற்று நான் வேலையில் இருந்தபோது அவளுக்கு நெஞ்சு நோவு வந்திருக்கிறது. குளிரில் அவனுடைய கார் இயங்கவில்லை. நாங்கள் இருக்கிற இல்-பிசார் தீவில் பஸ்ஸை நம்பிச் சாகவும் முடியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்காமல் இம்பாலாவை எடுத்துவிட்டான். கொஞ்சம் பிந்தியிருந்தால் அவள் செத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்குக் கார்களைப் பற்றி என்ன தெரியும்.

இன்று காலை கராஜைத் திறந்தேன். தரையில் நசிந்த தேசிக்காய்கள். அடித்தகடு முழுக்க உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

“தேசிக்காய் வைச்சுத்தான் எடுத்தனான் அத்தான்,” என்றான். “நீங்கள் கோவிக்கக்கூடாது எண்டு. அக்கா மூச்சுவிடக் கஷ்டப்படேக்கையும் அதை மறக்கேல்லை.”

எனக்கு மனம் இளகிவிட்டது. அதனால்தான் கத்தவில்லை. உப்பைக் கழுவுவோம் என்று சொல்லி ஜாக்கில் காரை உயர்த்தினேன். சுடுதண்ணீர்க் குழாயோடு மல்லாந்து கீழே போனான். ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது, முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“அத்தான், ஜாக் இறங்குது.”

“ஓம், தெரியும்.”

மெதுவாகத்தான் இறக்கினேன். சடாரென்று விட்டால் ஸ்பிரிங் கெட்டுவிடும். அவன் கால்கள் சீமெந்தை உதைத்தன, ஒரு சப்பாத்து கழன்று சுவர்வரை போனது. நெஞ்செலும்பு முறியும் சத்தம், தேசிக்காய் நசியும் சத்தத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கீழேயிருந்து தகட்டில் தட்டினான். “தட்டாதை, நெளியும்,” என்றேன். பிறகு தட்டவில்லை. ரத்தம் தண்ணீரோடு சேர்ந்து வடிகாலுக்குப் போனது, உப்பும் போனது.

உடனே உங்களைக் கூப்பிடாதது என் பிழைதான். இருக்கையைக் கழுவ வேண்டியிருந்தது.

மொழிபெயர்க்கிற பிள்ளை ஏன் அழுகிறாள் என்று விளங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தம்பி செத்தது புஷ்பராணிக்கு இன்னும் தெரியாதாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்த வெள்ளை இருக்கையில் அவள் வாந்தி எடுத்ததை நான் மன்னித்துவிட்டேன்.