சுஃப்யான் அனுப்பிய ஆண் குளவி

மேடம், உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சுவிட்ச் பெட்டிக்கு மேலே ஒரு மண்கூடு இருக்கிறது, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. குளவி கட்டியது. நேற்று ரைட்டர் அதைத் துடைப்பத்தால் தட்டிவிடப் போனார். நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்களே, ஸ்டேஷனில் கட்டினால் என்ன பிறக்கும் என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் பெயர் பிரான்சிஸ். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடங்களாக விலங்கியல் நடத்துகிறேன். ஆனால் என் வேலை என்று நான் நினைப்பது வேறு. கூட்டமாகச் சேராமல் தனியாகவே கூடு கட்டி, தனியாகவே இரை பிடித்து வைத்து, குஞ்சு வெளியே வருவதற்குள் செத்துப்போகிற குளவிகள் உண்டு. அவற்றை அடையாளம் காண்பதுதான் அது. இரண்டு முறை புது இனம் என்று நம்பி எழுதி அனுப்பினேன். ஒன்றை நான்கு மாதம் முன்னால் வேறொருவர் எழுதிவிட்டார். இன்னொன்று எழுபது வருடப் பழசாம். ஓய்வு பெற ஐந்து வருடம்தான் இருந்தது. ஒன்றுமில்லாமல் போய்விடுவேனோ என்று எனக்குப் பயம், மேடம். அந்தப் பயத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுஃப்யான் ஒப்பணக்காரத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பழக்கம். பழைய லென்ஸ்களைத் தானே கோத்து கேமராவில் மாட்டி, எறும்பின் கண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தார். என்னைவிடக் கூர்மையான பார்வை அவருக்கு. எட்டு வருடம் ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து சுற்றினோம். அவர் எனக்குப் பாய், நான் அவருக்கு சார்.

எங்களுக்குள் இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. நல்ல பூச்சி கிடைத்த இடத்தை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. படத்தோடு இடமும் பதிவாகிவிடும் என்பதால் போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பூச்சி பிடிக்கிற எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு, நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. இரண்டாவது, குப்பிக்குள் எது போனாலும் அந்த நிமிடமே ஒரு சீட்டு எழுதிக் கூடப் போட வேண்டும். தேதி, நேரம், இடம், பிடித்தவர் பெயர். சீட்டு இல்லாத பூச்சி குப்பைக்குச் சமம். பூச்சியைத் தொலைத்தவரை மன்னிக்கலாம், சீட்டில் பொய் எழுதியவரை மன்னிக்க முடியாது. நான் ஒருநாளும் எழுதியதில்லை.

உடுமலைப்பேட்டைக்கு வடக்கே, காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு காய்ந்த தென்னந்தோப்பு. தோப்புக்காரர்கள் திருப்பூருக்குக் குடிபோய் ஆறு வருடமாகிறது. அங்கே நாற்பதடிக் கிணறு, சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதன் சுவரில் புதுமாதிரிக் கூடு ஒன்றைப் பார்த்ததாக பாய்தான் சொன்னார். போன வருடம் மார்ச் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, என் காரில் போனோம். மனைவி நஃபீசாவிடம் காரமடைப் பக்கம் போவதாகச் சொல்லியிருந்தார். வழக்கப்படிதான்.

நூலேணியில் அவர் இறங்கினார். நான் மேலே நின்றேன். கயிறு இரண்டு முறை குலுங்கினால் வாளியை இழுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குலுங்கியது, இழுத்தேன்.

குப்பிக்குள் ஒரு பெண் குளவி. நீளம் பதினோரு மில்லிமீட்டர். கருநீல உடம்பு. ஒடுங்கிய இடுப்பில் ஒரே ஒரு மஞ்சள் வளையம். முன்சிறகில் ஒரு நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உருப்பெருக்கியில் மூன்று முறை பார்த்தேன், புது இனமேதான். கூடவே சீட்டும் இருந்தது. 3.3.2024, காலை 11.40, கிணறு, ஆழம் 30 அடி, எம். சுஃப்யான்.

"பாத்துட்டீங்களா சார்?" என்று கீழேயிருந்து கேட்டார். "படம் பத்து எடுத்துட்டனுங்க. அத உட்டுப்போடுங்க. ரெண்டு கூடு மூடியிருக்குது, ஒண்ணு பாதியில நிக்குது. இது ஒண்ணுதான் வந்து போகுதுங்க."

"படம் போதாதுங்க பாய். உடம்பு வேணும்."

"இருக்கறதே ஒண்ணு, அத எப்படிங்க சார் கொல்றது? இருங்க, மேல வாரேன். பேசிக்கலாம்."

பேசியிருக்கலாம். ஆனால் மேலே வந்தால் அவர் மூடியைத் திறந்துவிடுவார். அவர் கேமராவைப் பையில் வைக்கிற நேரத்தில் நூலேணியை மேலே இழுத்துக்கொண்டேன். குளவியை மருந்துக் குப்பிக்கு மாற்றினேன். அடங்க நான்கு நிமிடம் ஆனது.

ஏணியை உடனே இறக்கத்தான் நினைத்தேன். இறக்கினால் அவர் கோபப்படுவார், நஃபீசாவிடம் சொல்வார், கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அவர் சொல்வதற்கு இன்னும் அதிகம் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனபோது ஏணியை இறக்குவது என்னால் ஆகாத காரியமாகிவிட்டது. பயம் வளருகிற வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தினமும் பார்க்கிறீர்கள்.

நான் கொடுமைக்காரன் அல்ல. காரில் இருந்த தண்ணீர் பாட்டில்கள், பன் பாக்கெட், சில குப்பிகள், சீட்டுகள், பென்சில் எல்லாவற்றையும் வாளியில் இறக்கினேன்.

"ஆணும் வேணுமுங்க பாய்," என்றேன். "பொட்டைய மட்டும் வெச்சு முழுசா எழுத முடியாது. மூடியிருக்கற கூட்டுலிருந்து ஒண்ணு வெளிய வரட்டும். புடிச்சு அனுப்புங்க, ஏணியப் போடறேன்."

அது பொய்யில்லை. ஆண், பெண் இரண்டும் இருந்தால்தான் விவரிப்பு முழுமையாக இருக்கும்.

அவர் கத்தினார். தோப்பைச் சுற்றிலும் காற்றாலைகள், இறக்கைச் சத்தம் நாள் முழுக்க ஓயாது. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் எனக்கே கேட்கவில்லை.

திங்கட்கிழமை நஃபீசா போன் செய்தார். அவரைப் புகார் கொடுக்க நான்தான் காரில் கூட்டிப்போனேன். காரமடை என்று அவர் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன், மதியமே அவரை அங்கே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றேன். பாவம், இரண்டு நாள் அந்தப் பக்கத்துக் காட்டையெல்லாம் தேடினார்கள்.

செவ்வாய்க்கிழமை பல்வலி என்று கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் போனேன். வாளியை இறக்கினேன். கயிறு இரண்டு முறை குலுங்கியபோது என் கை பதறியது. அவருக்கு நான் தெரிய மாட்டேன். ஆனால் என் நடுக்கம் கயிறு வழியாக அவர் கைக்குப் போகும் என்று பட்டது. இப்போதும் எதையாவது தூக்கினால், ஒரு காய்கறிப் பையைத் தூக்கினால்கூட, அது இரண்டு முறை குலுங்குகிற மாதிரி இருக்கிறது. தனியாக எதையும் தூக்கப் பயப்படுகிறேன்.

வாளியில் நான்கு சீட்டுகள் வந்தன. அதில் ஒன்று எனக்கு மனப்பாடம். திங்கள், காலை 7.10. பாதிக் கூட்டில் ஏழு சிலந்திகள். குளவி கொட்டியதில் அசைவில்லை, ஆனால் சாகவில்லை. தொட்டால் கால் லேசாக அசைகிறது. அதற்குக் கீழே ஓரத்தில் பொடி எழுத்தில், தண்ணி பத்தலைங்க சார்.

நான்கு பாட்டில் இறக்கினேன். சீட்டுகளை அங்கேயே நின்று வாசித்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு கூட்டின் பக்கத்தில் இரவும் பகலும் இருந்து பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

வியாழக்கிழமை ஆண் குளவி வந்துவிட்டது. பெண்ணைவிடச் சிறியது, முகத்தில் வெள்ளைப் பொட்டு. உயிரோடு குப்பிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டில் எழுத்து கோணியிருந்தாலும் எதுவும் விடுபடவில்லை. 7.3.2024, காலை 9.15, அதே கிணறு, ஆண், எம். சுஃப்யான்.

"கெடச்சிருச்சுங்க சார்," என்றார். குரல் வறண்டிருந்தது. "ஏணியப் போடுங்க. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

அன்று நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் எப்படி மாட்டினேன் என்று கேட்டீர்களே, அது.

கட்டுரை எழுத ஒரு வருடம் பிடித்தது. பாய் எழுதிய குறிப்புகளை ஒரு வரி விடாமல் சேர்த்தேன். அவர் பெயரையும் போட்டேன். ஆண் குளவியின் தேதிதான் தொல்லை. ஏழு என்பதை மூன்று என்று மாற்றியிருந்தால் நீங்கள் இங்கே என்னோடு உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். பேனாவை எடுத்தும் பார்த்தேன். கை வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு சீட்டில்கூடப் பொய் எழுதாத கை. இரண்டு சீட்டுகளின் படத்தோடும் கட்டுரை வெளியானது.

அதை அச்செடுத்து நானே நஃபீசாவிடம் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் பெயரில் ஒரு உயிர் இருக்கிறது என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் படத்தில் இருந்த எழுத்தை விரலால் தடவினார்.

"அவரு கையெழுத்துதானுங்க சார்." விரல் அடுத்த சீட்டுக்குப் போனது. பிறகு, "இதென்னங்க, ஏழாந்தேதின்னு போட்டிருக்குது? நாம கம்ப்ளெயிண்ட் குடுத்தது நாலாந்தேதிங்களே?"

அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். சீட்டைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு அப்படிச் சொல்ல வராது. "ஆமாங்க அம்மணி, வியாழக்கிழமை," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பயந்ததெல்லாம் அந்தப் பார்வைக்குத்தான் என்று அப்போது தெரிந்தது.

நாளைக்கு உங்கள் ஆட்கள் கிணற்றில் இறங்கும்போது இடதுபக்கச் சுவரில் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கூடுகள் அங்கேதான் இருக்கின்றன. பம்ப் ரூமிலிருந்து எடுத்த தகரம் கிணற்றின் மேல் இருக்கும், மேலே ஆறு கல். தகரத்தை வைத்தவன் நான். ஏணி என் வீட்டுப் பரணில் இருக்கிறது. சுஃப்யானைக் கொன்றது யார் என்று நீங்கள் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் வருத்தப்பட்டுப் போனதாக எழுத வேண்டாம்.

அந்த வியாழக்கிழமை அவர் வெகுநேரம் ஏணி கேட்டார். நான் விளிம்பில் நின்று குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரே பேச்சை மாற்றினார்.

"இதுக்கு என்ன பேருங்க சார் வெப்பீங்க?"

"உங்க பேருதானுங்க பாய்," என்றேன். "சுஃப்யானி."

அதற்குப் பிறகு அவர் ஏணி கேட்கவே இல்லை. தகரத்தை இழுத்து மூடும்போதுகூட ஒரு வார்த்தை வரவில்லை. மனசு நிறைந்துபோய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.