கூடுதலாக ஒரு சொட்டுச் சாயம்

எலிகளுக்கு என்னைப் பிடிக்கும், சார். ஊசியோடு போனாலும் கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் மனைவிக்கு இதில் கொஞ்சம் பொறாமை. "எலிகிட்ட பேசற குரல்ல ஒரு நாளாவது என்கிட்ட பேசுங்க" என்பாள்.

வேலை எளிது. கடற்பாசியிலிருந்து எடுத்த மருந்து. சல்பேட் ஏறிய சர்க்கரை மூலக்கூறுகளின் நீளமான சங்கிலி. இரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும். காலையில் எலிக்கு ஊசி போட்டு, மாலையில் இரத்தம் எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சிவப்பாக ஒளிரும் சாயத்தை விடுவேன். மருந்து இருந்தால் சாயத்தைப் பிடித்து அமுக்கிவிடும், ஒளி மங்கும். வெளியேறிவிட்டால் பளிச்சென்று தெரியும்.

மாலையிலும் மங்கலாகத்தான் இருந்தது, மருந்து உடம்பை விட்டுப் போகவில்லை. அப்படியே சொல்லியிருந்தால் மனிதர்களுக்குக் கொடுப்பது ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். என் மனைவி நுரையீரலில் இரத்தக் கட்டியோடு படுத்திருந்தாள். வேறு மருந்து எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, உங்க எலியெல்லாம் ஜம்முனு ஓடுது. என் தங்கச்சி எப்ப எந்திரிப்பா?" என்பார்.

மாலை இரத்தத்தில் மட்டும் ஒரு சொட்டுச் சாயம் கூடுதலாக விட்டேன். பளிச்சென்று இருந்தது. மருந்து மாலைக்குள் போய்விடுகிறது, நோயாளிகளுக்கு இரவு இன்னொரு ஊசி போடலாம் என்று முடிவாயிற்று. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் முதலில் சேர்ந்தது என் மனைவிதான். "இப்ப நானும் உங்க எலி" என்று சிரித்தாள். இரண்டு ஊசியும் உள்ளே சேர்ந்துகொண்டன. இரத்தம் நிற்கவில்லை.

நோய் முற்றியவள், அதனால்தான் போய்விட்டாள் என்றார்கள். ஆய்வகத் தலைவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "தப்பா நினைக்காதப்பா. அந்த எலி ரீடிங்கை இன்னொரு தடவை பாத்துடேன். நீ சொன்னா மத்தவங்களுக்கு நிறுத்திடறேன்" என்றார்.

புது எலிகள். பார்த்தேன். மங்கல்தான். மறுபடியும் ஒரு சொட்டு விட்டேன்.

இதைத்தானே கேட்கிறீர்கள். நியாயம்தான். முதல் சொட்டு அவளுக்காக. அதை யாரும் புரிந்துகொள்வார்கள். இரண்டாவதை யோசித்துப் பாருங்கள். அவள் ஒருத்தி மட்டும் அப்படிப் போனால், அது என் கைவேலை. பலரும் போனால், மருந்தின் குணம். ஒரே ஒருவரை வைத்து அறிவியலில் எதையும் முடிவு செய்யக் கூடாது.

பிறகு ஒரு பேருந்து ஓட்டுநர். ஒரு டீச்சர். அதற்கப்புறம் கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன பெண். அவள் கணவனுக்கு நான்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

நீங்களே சொல்லுங்கள், சார். மருந்துதானே சரியில்லை?