அடிக்குரலின் சொந்தக்காரன்

நீங்கள் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டையாக இருக்கிறது. பரவாயில்லை, சாய்ந்து உட்காரும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. தேநீரும் வேண்டாம். நான் சொல்வதை நடுவில் வெட்டாமல் எழுதிக்கொண்டால் போதும்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு அடிக்குரல். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் பெரிய மனிதர் யார் இறந்தாலும், இரங்கல் கூட்டத்தில் எங்கள் வீட்டார்தான் எழுந்து நின்று பாடுவார்கள். கல்யாணம், கடைத் திறப்பு என்று யாராவது கூப்பிட வந்தால் என் அப்பா கதவைச் சாத்திவிடுவார். அவருக்குப் பிறகு நான் சாத்தினேன். நாங்கள் பாடினால் பின்வரிசைக்காரர்களுக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் மார்பில் கேட்கும். கடைசியில் மிஞ்சியவர்கள் நானும் என் தம்பியும்தான். அவனுக்கு அறுபத்து மூன்று வயது.

ஆறு வாரத்துக்கு முன்னால் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் டிவி ஓடியது. கழிப்பறை கழுவும் திரவத்துக்கு விளம்பரம். பச்சைக் கிருமிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுகின்றன. பின்னால் ஆண்கள் கும்பலாக ‘ஓ’ என்று அடிக்குரலில் பாடுகிறார்கள். அது எங்கள் வீட்டு ஓ. பக்கத்தில் வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அந்த வலியிலும் சிரித்தார்.

“என்ன பெரியவரே, கல்யாணத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டீங்க. கக்கூசுக்கு மட்டும் குடும்பத்தோட போயிட்டீங்களா?”

என் முறை வரும்வரை காத்திருந்து, பல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நான் அவசரப்படுகிறவன் அல்ல.

தம்பி மகள் மாடி அறையில் கணினி வைத்து இசை செய்கிறவள். அவளைக் கேட்டேன்.

“ஆளுங்க கும்பலா நின்னு பாடினதில்ல பெரியப்பா. அது சாம்பிள்” என்றாள். திரையில் ஒரு மென்பொருளைத் திறந்து, முழ நீள விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினாள். பதினாறு ஆண்கள் அந்தச் சின்ன அறைக்குள் பாடினார்கள். விரலை எடுத்தாள், பதினாறு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். “ஒரே ஒருத்தர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவா, நடுத்தரமா, சத்தமான்னு தனித்தனியா பாடிக் குடுத்திருப்பார். அவரையே பதினாறு பேரா பெருக்கிட்டாங்க. யாருன்னு பேர் போடமாட்டாங்க. ஆனா நம்ம வீட்டுக் குரல் மாதிரியே இல்ல?”

மிகக் கீழே இருந்த விசையை அழுத்தச் சொன்னேன். ஸ்வரம் பிறப்பதற்கு முன்னால் தொண்டையில் ஒரு சின்னத் தட்டல் கேட்டது, கதவின் கொக்கி விழுவதுபோல. அது எங்கள் ரத்தத்தில் மட்டும் உள்ளது. உயிரோடு இருப்பவர்கள் இருவர். குரலை விற்கும் காரியத்தை நான் செய்யவில்லை. கணக்கு அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். தம்பி மடித்த துணிகளோடு வாசலில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. குற்றவாளியின் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலையே கேட்டேன். “நீதானே?”

“விட்டுடுங்கண்ணே. யார் பாடினா என்ன, நல்லாத்தானே இருக்கு.”

“மன்னிப்புக் கேளு.”

“கேக்கறேன். நான்தான்னு வெச்சுக்குங்க.”

வைத்துக்கொள்வதற்கு அது என்ன வெற்றிலைப் பெட்டியா? அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவனோடு பேசவில்லை. அவன் தினமும் என் அறை வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவான்.

பிறகு நானே கூப்பிட்டேன். பழையதை விடு, அப்பாவின் பாட்டை ஒருமுறை சேர்ந்து பாடிப் பதிவு செய்து வைப்போம் என்றேன். சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ஒலிப்பதிவுக் கூடத்தின் வழக்கங்கள் எனக்குத் தெரியும். பாடும் அறைக்குள் போவதற்கு முன்னால் சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட வேண்டும்; சில்லறை குலுங்கினாலும் மைக்கில் விழுந்துவிடும். ஏசியை அணைத்துவிடுவார்கள், அதன் இரைச்சலும் விழும். சுவர் முழுக்கத் தூசி படிந்த கம்பளம். கதவு ஒரு சாண் தடிமன். வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க ஒரு கண்ணாடிச் சன்னல். தம்பி சாவியை வைத்தான், போனை வைத்தான், இன்ஹேலரை வைத்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு.

ஒலிப்பதிவாளர் மைக்கைச் சரிசெய்து கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார். அவர் அந்த நேரத்தில் போவார் என்பதும் எனக்குத் தெரியும். முதலில் தம்பி தனியாகப் பாடட்டும் என்று உள்ளே அனுப்பிவிட்டு, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்தேன். தட்டு என் வலது கைப்பக்கம் இருந்தது.

கால் மணி நேரம் பாடவைத்தேன். நன்றாகத்தான் பாடினான். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

“அண்ணே, கதவு சிக்கிக்கிச்சு.”

“சிக்கல. நான்தான் தாழ் போட்டேன். வித்தது நீதான்னு மைக்ல சொல்லு. பதிவாகட்டும். திறந்துடறேன்.”

“நான்தாண்ணே. நான்தான் வித்தேன்.”

“எந்த மாசம்? யார்கிட்ட? எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டே?”

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு தட்டையே பார்த்தான். நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் தெரியவில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் அதைச் சொன்னான்.

“அது... நீங்கண்ணே. உங்க குரல்.”

நான் ஒலியைக் குறைத்தேன். முழுவதும் குறைத்துவிட்டேன். அதன் பிறகு அவன் வாய் அசைந்தது, கை கண்ணாடியைத் தட்டியது, எதுவும் கேட்கவில்லை. பார்க்க நன்றாக இல்லை, அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. பத்தொன்பது நிமிடம். பிறகு தாழ்ப்பாளை எடுத்தேன், இன்ஹேலரை அவன் சட்டைப் பையில் வைத்தேன், தெருவில் இறங்கி ஆள் கூப்பிட்டேன். வந்தவர்களிடம், இளைப்பில் போய்விட்டான் என்றேன். அது பொய் இல்லை.

பதிவு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்த மறந்தேனா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. அவன் ஒப்புக்கொண்டது அதில் இருக்கிறது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நீங்கள், குரலை விற்ற ஒப்பந்தம் என்று ஒரு தாளைக் காட்டுகிறீர்கள். கையெழுத்து என்னுடையதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் அதே ஒலிப்பதிவாளர், என் குரலை ஆவணமாகப் பாதுகாக்க வேண்டும் என்று மரியாதையாக வந்து கேட்டார். இரண்டு நாள் போய் ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடினேன். தாளை நீட்டினார்கள். மூக்குக்கண்ணாடி கொண்டுபோகவில்லை. தம்பியிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்வதற்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? போட்டேன். தம்பி பிற்பாடு அதைப் படித்துவிட்டு, “அண்ணனுக்குத் தெரிஞ்சா உயிரையே விட்டுடுவார், சொல்லிடாதீங்க” என்று ஒலிப்பதிவாளரின் கையைப் பிடித்துக் கெஞ்சினானாம். அவர் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்கலாம். தாளில் இருப்பது தாளோடு. எனக்குத் தெரியாதா என் குரல்? எழுபத்தொரு வருடமாக அதற்குள்ளேதான் குடியிருக்கிறேன்.

இல்லை, என் குரலைப் பதிவில் நான் கேட்டதே கிடையாது. பாடியவன் தன் பாட்டைத் தானே கேட்டு ரசிப்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. அது கௌரவக் குறைச்சல்.

சரி, உங்கள் திருப்திக்காகப் போடுங்கள். அந்த இரண்டு நாள் பதிவைத்தான் போடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், கேட்கிறேன்.

கேட்டுவிட்டேன். நிறுத்துங்கள். இது நான் இல்லை ஐயா. இந்த வயதில் ஆயிரம் பேர் குரலைக் கேட்டிருக்கிறேன், ஒரு குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன். நீங்களே இன்னொரு முறை போட்டுக் கேட்டுப் பாருங்கள்: இதற்குரியவனுக்கு நெஞ்சில் துளி ஈரம் கிடையாது.